கைப்பிடி ஆடினால் முதலில் சில்லைப் பார்: பழைய மொரிஸ் மைனரின் ஹான்ட் பிறேக்

வன்னியில் பழைய கார் வைத்திருப்பவர்கள் பலருடைய டிக்கிக்குள் ஒரு கல் இருக்கும். காரை நிறுத்தியதும் இறங்கிப் போய்ச் சில்லுக்கு அண்டை வைப்பதற்கு. ஏன் என்று கேட்டால் "ஹான்ட் பிறேக் லூஸ்" என்பார்கள். சமதரை ஊர் என்பதால் அது பெரிய குறையாகத் தெரிவதில்லை. கிளிநொச்சியில் இருந்து மாங்குளம் வரை ஏ9 வீதியில் ஓடினால் ஏற்றம் என்று சொல்லத்தக்க ஒன்றும் வராது. ஆனால் குளக்கட்டு இருக்கிறது. மதகடிக்கு இறங்கும் சரிவு இருக்கிறது. அரிசி ஆலை வாசலில் லொறிக்காகக் கட்டிய ஏற்றம் இருக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்று: மொரிஸ் மைனரில் கால் பிறேக்குக்கு ஒரே ஒரு எண்ணெய்ச் சுற்றுத்தான். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லுக்கும் பிறேக் இல்லை. அந்த நேரத்தில் காரை நிறுத்த மிஞ்சுவது இந்தக் கைப்பிடி ஒன்றுதான்.

"கைப்பிடி லூஸ்" என்ற ஒரே பேச்சுக்குள் குறைந்தது ஆறு வருத்தங்கள் ஒளிந்திருக்கின்றன. எது என்று பார்க்காமல் நேரே கைப்பிடியின் அடியில் இருக்கும் நட்டை இறுக்குவதுதான் எல்லோரும் செய்கிற பிழை. இறுக்கினால் ஒரு கிழமை நன்றாக இருக்கும். பிறகு மறுபடி லூஸ், மறுபடி இறுக்கல். கடைசியில் மரை முடிந்துவிடும், கேபிள் கம்பியாய் விறைத்து நிற்கும், பின் சில்லுகளோடு சேர்ந்து சுழலும் இரும்பு டிரம் இரண்டும் ஓடும்போதே சூடாகும். எங்களுக்கு இந்த வேலையைக் காட்டித் தந்த வயதான மெக்கானிக் ஒருவர் என்னிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "தம்பி, முதல்ல சில்லைப் பார். கைப்பிடி கடைசி."

எங்களுடையது 1959ஆம் ஆண்டு மைனர் 1000. 948 சிசி எஞ்சின், பழைய ஸ்ரீ இலக்கத் தகடு. 1948இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதலில் வந்த மைனர், 1970களின் தொடக்கம் வரை செய்யப்பட்டது. கீழே சொல்வதெல்லாம் மைனரை வைத்துத்தான். ஒஸ்ரின் கார் வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை பெரும்பாலும் இதேதான், ஆனால் கைப்பிடி இருக்கும் இடமும் கேபிள் போகும் வழியும் மாறலாம்.

மைனரில் கைப்பிடி இரு முன் இருக்கைகளுக்கும் நடுவே இருக்கிறது. அடியில் ஒரு பல்லுத் தகடு, அந்தப் பல்லில் விழுந்து பிடிக்கும் ஒரு நாக்கு. கைப்பிடி நுனியில் உள்ள பொத்தானை அழுத்தினால் நாக்கு பல்லை விட்டு எழும்பும். கைப்பிடியின் அடியில் இருந்து இரண்டு கேபிள்கள் பின்னுக்குப் போகின்றன, சில்லுக்கு ஒன்றாக. ஒவ்வொன்றின் முன் முனையிலும் மரையும் நட்டும் உண்டு. பின் முனை ஒரு சிறு கவையால் டிரம்முக்குப் பின்னால் உள்ள குட்டி லீவரோடு சேர்கிறது. அந்த லீவர் டிரம்முக்குள் இருக்கும் ஷூ என்ற வளைந்த பிறேக் கட்டைகளை விரிக்க, ஷூ டிரம்மில் உரசிப் பிடிக்கிறது. இந்த வழியில் எண்ணெய் இல்லை, வெறும் இரும்பும் கம்பியும் மட்டும். இதன் ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீற்றர் தேய்ந்தால் போதும். எல்லாம் சேர்ந்து கைப்பிடி நுனியில் ஒரு சாண் ஆட்டமாக வந்து நிற்கும்.

பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் இந்தக் கைப்பிடிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெற்றோல் கிடையாது. கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடினோம். பற்றரியும் நம்பமுடியாது. அதனால் எங்காவது சிறு மேடு கண்டால் அதில்தான் காரை நிறுத்துவது, போகும்போது பிறேக்கை விட்டு உருளவிட்டு ஸ்டார்ட் எடுக்கலாம் என்று. ஒரு நாளைக்குப் பத்து முறை இழுத்து விட்ட கைப்பிடி அது. கேபிள் அறுந்தால் சைக்கிள் பிறேக் கம்பியை நாலைந்து இழை முறுக்கிப் போட்டார்கள். அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அந்தக் கம்பி இன்றும் சில கார்களின் அடியில் கிடக்கிறது. உங்கள் காரில் இருந்தால் மற்ற எதையும் பார்க்க முன்னர் அதைக் கழற்றி எறியுங்கள். அது ஒவ்வொரு இழுப்பிலும் நீளும், இழைகள் ஒன்றுபோல் பாரம் தாங்காது, ஒன்று அறுந்தால் மற்றவை வரிசையாக அறும்.

தொடங்க முன்

ஹான்ட் பிறேக்கை விட்டுவிட்டுத்தான் இந்த வேலையைச் செய்யவேண்டும், பின் சில்லுகள் இரண்டும் அந்தரத்தில் இருக்கும். ஆகவே முன் சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் வையுங்கள். சீமெந்துத் தரை இல்லாத இடத்தில் ஜக்கின் அடியில் தடித்த பலகை போடாமல் தூக்கவேண்டாம். மணல் மண்ணில் ஜக் சரிவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தூக்கியதும் ஸ்டாண்ட் வைத்து அதில் காரை இறக்குங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகக்கூடாது, இரண்டு நிமிட வேலையானாலும்.

இன்னொன்று. பழைய பிறேக் ஷூக்களின் லைனிங்கில், அதாவது டிரம்மில் உரசும் பட்டையில், கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருக்கும். டிரம்மைத் திறந்ததும் தூசியை வாயால் ஊதுவதும், ரயருக்குக் காற்றடிக்கும் குழாயால் அடித்துப் பறக்கவிடுவதும் எங்கள் பக்கத்துக் கராஜ்களில் இன்னும் நடக்கிறது. கல்நார்த் தூசி நுரையீரலில் போய்த் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும். தண்ணீர் தெளித்து நனைத்து, பழந்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடவேண்டாம்.

கைப்பிடி மேலே மேலே வருகிறது, கடைசியில்தான் பிடிக்கிறது

அதிகம் பேர் சொல்லும் குறை இது. நல்ல நிலையில் உள்ள மைனரில் மூன்று அல்லது நான்கு பல்லில் பிடிக்கவேண்டும். ஏழு, எட்டுப் பல் வரை எழும்புகிறது என்றால் எங்கோ ஓர் இடைவெளி கூடிவிட்டது. அந்த இடைவெளி பெரும்பாலும் டிரம்முக்குள்தான், ஷூ தேய்ந்து டிரம்மை விட்டு விலகியிருக்கும். கால் பிறேக்கும் கொஞ்சம் ஆழமாகப் போவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். இரண்டும் ஒரே காரணம்.

கைப்பிடியை முழுதாகக் கீழே விடுங்கள். பின் சில்லைக் கழற்றினால் டிரம்மின் முகத்தில் ஒரு துளை தெரியும், ரப்பர் மூடி போட்டிருக்கலாம். டிரம்மைக் கையால் மெல்லச் சுற்றி, அந்தத் துளைக்கு நேரே உள்ளே ஒரு திருகின் வெட்டு வரும்வரை பாருங்கள், டோர்ச் தேவைப்படும். ஸ்குறூட்ரைவரை உள்ளே விட்டு வலஞ்சுழியாகத் திருப்புங்கள். டிரம் அசையாமல் பிடித்துக்கொண்டதும் ஒரு கிளிக் மட்டும் பின்னுக்கு விடுங்கள். இப்போது டிரம் தடையின்றிச் சுழலவேண்டும், மெல்லிய உரசல் சத்தம் கேட்டால் பரவாயில்லை. அப்புறம் ஒருவரை ஏற்றிக் கால் பிறேக்கை நன்றாக ஒரு முறை மிதிக்கச் சொல்லுங்கள். ஷூக்கள் தம் இடத்தில் அமரும். மறுபடி ஒரு முறை திருகைப் பாருங்கள், பெரும்பாலும் இன்னும் ஒரு கிளிக் எடுக்கும். மற்றப் பக்கமும் அப்படியே. முன் சில்லுகளுக்கும் இந்தத் திருகுகள் உண்டு, சில்லுக்கு இரண்டு. கையோடு அவற்றையும் பார்த்துவிடுவது நல்லது.

இதைச் செய்துவிட்டுப் போய்க் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். பத்துக் காரில் ஏழு இங்கேயே சரியாகிவிடும் என்பது என் அனுபவம், நட்டைத் தொடாமலே.

சரி, இன்னும் உயரமாக வருகிறதா? அப்போது பின்னால் உள்ள கவையைப் பாருங்கள். அதில் குறுக்கே போகும் ஊசி தேய்ந்து நடுவில் இடுப்புச் சிறுத்திருக்கும், கவையின் துளை முட்டை வடிவாகியிருக்கும். ஊசி விலை குறைந்த சாமான், புதிதாகப் போடுங்கள். ஸ்பிளிட் பின்னும் புதியதாக இருக்கட்டும். ஸ்பிளிட் பின் இல்லையென்று ஆணியை வளைத்துச் சொருகி விடுவார்கள். கிறவல் வீதியின் அதிர்வில் ஆணி உடைந்து ஊசி கழன்றால் அந்தப் பக்கக் கேபிள் நிலத்தில் இழுபடும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கேபிள் நட்டு. கைப்பிடியின் அடியில் இரண்டு நட்டு, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. கைப்பிடியை மூன்றாம் பல்லில் நிறுத்திவிட்டு, இரண்டு சில்லும் கையால் பலமாகச் சுற்றினால்தான் கொஞ்சம் அசைகிறது என்ற அளவுக்கு இறுக்குங்கள். இரண்டிலும் ஒரே கனம் தெரியவேண்டும். பிறகு கைப்பிடியை முற்றாக விட்டால் இரண்டு சில்லும் தடையின்றிச் சுழலவேண்டும். சுழலவில்லை என்றால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள். கேபிள் எப்போதும் ஷூவை இழுத்துப் பிடித்திருந்தால் ஷூ தன் இருப்பிடத்துக்குத் திரும்பாது. ஓட ஓட டிரம் கொதிக்கும், லைனிங் கருகிப் பளபளக்கும், பெற்றோலும் கூடுதலாகக் குடிக்கும். மரை முடியும் மட்டும் இறுக்கியும் தளர்வு போகவில்லையா, கேபிள் நீண்டுவிட்டது, மாற்றவேண்டியதுதான். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடினால் மைனர் சாமான் கிடைக்கும். பழைய கேபிளைக் கையில் கொண்டு போங்கள், நீளத்தையும் முனையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கலாம். இரண்டையும் சோடியாக மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் இழுப்பு ஒருபோதும் சமனாகாது.

கைப்பிடி இடம் வலமாக ஆடுகிறது

இழுத்தால் பிடிக்கிறது, ஆனால் கைப்பிடி கையில் லொட லொட என்று ஆடுகிறது. வாகனம் ஓடும்போது தானாகக் கிலுகிலுக்கும். இதற்கு மூன்று இடம் பார்க்கவேண்டும்.

முதலாவது, கைப்பிடி சுழலும் அச்சுப் போல்ட். கம்பளத்தைத் தூக்கி, கைப்பிடியை ஒரு கையால் ஆட்டிக்கொண்டு மற்றக் கையின் விரலை அந்தப் போல்ட்டில் வைத்துப் பாருங்கள். போல்ட்டு நிலையாக இருக்க, கைப்பிடி மட்டும் ஆடினால் துளை தேய்ந்துவிட்டது. நட்டை இன்னும் இறுக்கினால் ஆட்டம் நிற்கும்தான், ஆனால் கைப்பிடி இறுகி, விட்டாலும் கீழே விழாமல் நிற்கும். பிறேக் பாதி பிடித்தபடி ஓடுவீர்கள். சரியான வழி, கைப்பிடியைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், துளையைச் சீராக வட்டமாக்கி, ஒரு பித்தளைப் புஷ் கடைந்து போடுவது. போல்ட்டையும் கொண்டு போங்கள், அதை அளந்துதான் புஷ் கடையவேண்டும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இந்த வேலை தெரிந்த லேத்காரர்கள் இருக்கிறார்கள். அரை நாள் வேலை, அப்புறம் இருபது வருடம் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

பித்தளைக்காக என்று காட்டிலும் பழைய பங்கர்க் கரைகளிலும் கிடக்கும் உலோகத்தைப் பொறுக்கிக் கொண்டுவரவேண்டாம். இதைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் இல்லை. பழைய இரும்பு பொறுக்கப் போய் இந்த மண்ணில் கையும் காலும் உயிரும் இழந்தவர்கள் உண்டு. பித்தளைத் துண்டு லேத் பட்டறையிலேயே இருக்கும்.

இரண்டாவது, கைப்பிடியின் தாங்கியைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டுகள். ஸ்பிறிங் வாஷர் இல்லாமல் போட்டிருந்தால் அதிர்வில் கழன்றிருக்கும். வாஷர் போட்டு இறுக்கினால் முடிந்தது.

மூன்றாவதுதான் கவலைக்குரியது. போல்ட் இறுக்கமாகவே இருக்கிறது, ஆனால் கைப்பிடியை இழுக்கும்போது தாங்கியோடு சேர்ந்து தரைத் தகடே எழும்புகிறது. துரு. கம்பளத்துக்கு அடியில் மாரி மழைத் தண்ணீர் தேங்கி, வருடக்கணக்கில் தகட்டைத் தின்றிருக்கும். முல்லைத்தீவுக் கரையில், உப்புக் காற்றுப் படும் இடங்களில் நின்ற கார்களில் இது இன்னும் மோசம். ஸ்குறூட்ரைவர் முனையால் போல்ட்டைச் சுற்றிக் குத்திப் பாருங்கள். நல்ல தகடு டிங் என்று ஒலிக்கும், துருப்பிடித்தது பப்படமாய் உள்ளே போகும்.

இதன்மேல் ஒரு அலுமினியத் துண்டை வைத்து ரிவெட் அடித்து மறைக்கவேண்டாம். மைனர் காருக்குத் தனியாக அடிச்சட்டம் (சசி) கிடையாது, தரையும் உடலும் சேர்ந்ததுதான் அந்தச் சட்டம். பழுதான பகுதியை நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்து, அதே தடிப்புள்ள இரும்புத் தகட்டை வெல்டிங் செய்து சேர்க்கவேண்டும். வெல்டிங் செய்பவரிடம் இரண்டு விடயம் முன்கூட்டியே சொல்லுங்கள். தரைக்கு அடியால் பெற்றோல் குழாயும் பிறேக் எண்ணெய்க் குழாயும் போகின்றன. பிறேக்கின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்கு அடியிலேயே இருக்கிறது. எங்கே நெருப்புப் படலாம், எங்கே படக்கூடாது என்பதை அடியில் போய்ப் பார்த்துக் குறித்த பிறகுதான் பற்றவைக்க வேண்டும். பற்றரி வயரைக் கழற்றி, மணல் வாளியும் ஈரச் சாக்கும் பக்கத்தில் இருக்கட்டும்.

இழுத்தால் நிற்கிறது, பிறகு தானாக விழுகிறது

எல்லாவற்றிலும் இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் நீங்கள் இறங்கிப் போன பிறகுதான் விழும்.

வவுனிக்குளத்துக் கட்டுக்கு ஏறும் சரிவில் ஒரு நாள் காரை நிறுத்திவிட்டு அப்பாவும் நானும் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பின்னால் டக் என்ற சத்தம். திரும்பினால் கார் தானாகப் பின்னுக்கு உருள்கிறது. ஓடிப்போய்க் கதவைப் பிடிக்க முன்னர் கீழே நின்ற பாலை மரத்தில் பம்பர் போய் மோதி நின்றது. வழியில் ஒருவரும் இருக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வரும்வரை அப்பா ஒரு சொல்லும் பேசவில்லை. அடுத்த நாளே கைப்பிடியைக் கழற்றினோம்.

பல்லுத் தகட்டின் நடுப் பற்கள் மழுங்கியிருந்தன. எப்போதும் அதே மூன்று நான்கு பல்லில்தானே நாக்கு விழுகிறது, அவைதான் தேயும். நாக்கின் முனையும் உருண்டிருந்தது. அதோடு, கைப்பிடிக் குழாய்க்குள் பொத்தானின் ஸ்பிறிங்கைச் சுற்றிக் கிறீஸும் செம்புழுதியும் கலந்து களியாகி, ஸ்பிறிங் நாக்கைப் பல்லுக்குள் முழுதாகத் தள்ளவில்லை. பாதி விழுந்த நாக்குத்தான் அன்று வழுக்கியது.

ஆகவே முதலில் சுத்தம். கைப்பிடியைக் கழற்றி மண்ணெண்ணெய்க்குள் ஒரு இரவு ஊறப்போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்ததும் பொத்தானை அழுத்தி விட்டால் படக்கென்று வெளியே வரவேண்டும். வரவில்லை என்றால் ஸ்பிறிங் சோர்ந்துவிட்டது, மாற்றுங்கள். மெல்லிய எண்ணெய் இரண்டு துளி போதும். பல்லில் கிறீஸ் பூசவேண்டாம். சோளகம் வீசும் மாதங்களில் எங்கள் கிறவல் வீதிகளின் புழுதி எங்கு நுழையாது? கிறீஸோடு சேர்ந்தால் அது அரத்தாள் தேய்ப்பதுபோல் பல்லைத் தேய்க்கும்.

நாக்கின் முனை கொஞ்சம்தான் உருண்டிருந்தால் முக்கோண அரத்தால் கூராக்கலாம். அதிகம் உருண்டிருந்தால் மாற்றவேண்டும். வெல்டிங்கில் இரும்பு ஏற்றி அரத்தால் பல் வெட்டித் தருவார்கள், நாங்களும் முதலில் அப்படித்தான் செய்தோம். சூடு பட்ட இரும்பின் கடினம் போய்விடுவதால் ஆறு மாதத்தில் மறுபடி மழுங்கியது. கடைசியில் உதிரிக்காக உடைத்த இன்னொரு மைனரில் இருந்து நல்ல தகடும் நாக்கும் வாங்கிப் போட்டோம். இரண்டும் ஒரே காரில் இருந்து எடுத்தவையாக இருந்தால் நல்லது, ஒன்றோடொன்று பழகித் தேய்ந்திருக்கும்.

சரிசெய்த பின் ஒரு சோதனை: கைப்பிடியை இழுத்து நிறுத்திவிட்டு, பொத்தானைத் தொடாமல் கைப்பிடியின் பக்கத்தில் உள்ளங்கையால் நாலைந்து தட்டுத் தட்டுங்கள். ஒரு பல்கூட இறங்கக்கூடாது.

ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிறது

இதைக் கண்டுபிடிக்க எங்கள் ஊரில் ஒரு வசதி உண்டு. ஆள் நடமாட்டம் இல்லாத நேரான கிறவல் வீதியில், மிக மெதுவாக, நடக்கும் வேகத்துக்குக் கொஞ்சம் கூட ஓட்டி, பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கைப்பிடியை இழுத்து நிறுத்துங்கள். இறங்கி வந்து பின்னால் பாருங்கள். மண்ணில் இரண்டு சில்லும் இழுபட்ட கோடு ஒரே நீளத்தில் இருக்கவேண்டும். ஒரு கோடுதான் இருக்கிறது என்றால் மற்றப் பக்கம் வேலை செய்யவில்லை.

அந்தப் பக்கக் கேபிள் உறைக்குள் இறுகியிருக்கலாம். கழற்றி இரு முனையையும் பிடித்து இழுத்துப் பாருங்கள், வழுவழுவென்று ஓடவேண்டும். கிறீஸ் நிப்பிள் இருந்தால் கிறீஸ் அடியுங்கள். இல்லையென்றால் ஒரு முனையைத் தூக்கிக் கட்டி மெல்லிய எண்ணெயை ஒரு இரவு சொட்டுச் சொட்டாக வடியவிடுங்கள். கேபிள் நன்றாக இருந்தும் பிடிக்காவிட்டால் டிரம்மைத் திறவுங்கள். பின் சில்லின் பிறேக் சிலிண்டர் தாங்கித் தகட்டில் உள்ள நீள்வெட்டில் முன்பின் நகரவேண்டும், குட்டி லீவர் ஒரு ஷூவைத் தள்ள, சிலிண்டர் நகர்ந்து மற்ற ஷூவைத் தள்ளும். அந்த வெட்டில் துருப்பிடித்துச் சிலிண்டர் ஒட்டிக்கொண்டால் ஒரு ஷூ மட்டும்தான் வேலை செய்யும். துருவைச் சுரண்டி, பிறேக்குக்கென்று விற்கும் கிறீஸை மெலிதாகப் பூசுங்கள். லைனிங்கில் படாமல் கவனம்.

கைப்பிடி இறுக்கமாகத்தான் இருக்கிறது, கார் நிற்கவில்லை

மூன்றாம் பல்லில் கல்லாக இறுகுகிறது. ஆனாலும் முதல் கியரில் போட்டு கிளச்சை மெல்ல விட்டால் கார் நகர்ந்துவிடுகிறது. இதற்கும் கைப்பிடிக்கும் சம்பந்தமில்லை. ஷூவில் எண்ணெய் பட்டிருக்கிறது.

டிரம்மைத் திறந்து விரலால் தொட்டு மணந்து பாருங்கள். தடித்த, கந்தகம் கலந்த நாற்றம் என்றால் அது பின் அச்சின் கியர் எண்ணெய், அச்சுத்தண்டு முனையில் உள்ள சீல் போய்விட்டது. மெல்லியதாக, பெயின்ற்றைக் கரைப்பதாக இருந்தால் பிறேக் எண்ணெய், சிலிண்டர் ஒழுகுகிறது. எது என்று தெரிந்து அதை முதலில் மாற்றுங்கள். கியர் எண்ணெயைத் தேவைக்கு மேல் நிரப்பினாலும் சில்லுப் பக்கம் வழிந்து வரும். கார் சமதரையில் நிற்க, நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரைதான் எண்ணெய் நிற்கவேண்டும்.

எண்ணெய் குடித்த ஷூவைப் பெற்றோலில் கழுவி, நெருப்பில் வாட்டித் திரும்பப் போடுவது பழைய வழக்கம். இரண்டு நாள் பிடிக்கும். சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி மேலே வரும். புது லைனிங் ஒட்டுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. பிறேக் எண்ணெய்க்குப் பதிலாக எஞ்சின் எண்ணெயோ வேறு எதுவோ ஊற்றியிருந்தால் உள்ளே உள்ள ரப்பர் எல்லாம் ஊதியிருக்கும். அவற்றையும் மாற்றிக் குழாய்களைக் கழுவாமல் ஓடவேண்டாம்.

ஒரு தடையும் இல்லாமல் மேலே வந்துவிட்டது

கேபிள் அறுந்திருக்கும், அல்லது கவை ஊசி கழன்றிருக்கும். அடியில் குனிந்து பார்த்தால் தெரியும். ஒன்று போய் மற்றது இருந்தால் அரைக் கனம் தெரியும். முதல் கியரில் போட்டு, சில்லுக்குக் கல் வைத்து நிறுத்திவிட்டு, கேபிள் வரும்வரை சரிவுப் பக்கம் போகாதிருங்கள்.

கீழே இறங்க மறுக்கிறது

2008இல் நாங்கள் மல்லாவியை விட்டு வெளிக்கிட்டபோது கார் ஓடும் நிலையில் இருக்கவில்லை. அப்பா அதை முற்றத்து மாமரத்தின் கீழ் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு, கடைசியாகக் கைப்பிடியை இழுத்து நிறுத்தினார். திரும்பி வருவோம் என்ற நினைப்பில்தான். 2010இல் வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. காருக்கு இருக்கை இல்லை, பற்றரி இல்லை, சில்லு நான்கும் இல்லை. டிரம்மில் குந்தியிருந்தது. கைப்பிடி மட்டும் அவர் இழுத்தபடியே மேலே நின்றது. அப்பா முதலில் அதைத்தான் தொட்டுப் பார்த்தார்.

பொத்தான் அழுந்தியது, கைப்பிடி இறங்கவில்லை. கைப்பிடியைப் பலமாக அமுக்கவேண்டாம் என்று மெக்கானிக் தடுத்தார். அது சரிதான், அமுக்கினால் நாக்கோ குழாயோதான் வளையும். இறுக்கம் பின்னால் இருக்கிறது. கைப்பிடியின் அடியில் கேபிள் நட்டு இரண்டையும் முழுதாகத் தளர்த்தினால் கைப்பிடி விடுபடும். அப்புறம் டிரம். டிரம்மைப் பிடிக்கும் இரண்டு சிறு திருகுகளுக்கும் துருவிளக்கும் எண்ணெய் ஊற்றி ஒரு நாள் விடுங்கள். சரிசெய்யும் திருகை இடஞ்சுழியாகத் திருப்பி ஷூவைச் சுருங்க விடுங்கள். டிரம்மின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி மரச் சுத்தியலால் தட்டுங்கள், ஒரே இடத்தில் அல்ல. வார்ப்பிரும்பு என்பதால் இரும்புச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் வெடிக்கும். எங்களுக்கு இடது டிரம் ஒரு மணித்தியாலத்தில் வந்தது. வலது டிரம்முக்கு மூன்று நாள் எடுத்தது.

நீண்ட நாள் ஓடாமல் நிற்கப்போகும் காருக்கு ஹான்ட் பிறேக் இழுத்துவிடக்கூடாது. மாரி ஈரத்தில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் போட்டு, சில்லுக்கு அண்டை வைத்து விடுங்கள். மழையில் ஓடிவந்து இரவு நிறுத்தும்போதும் இதே வழிதான் நல்லது.

எல்லாம் பூட்டி முடிந்ததும் நாங்கள் வவுனிக்குளத்துக் கட்டின் அதே சரிவுக்குத்தான் காரைக் கொண்டுபோவோம். முகம் மேலே பார்க்க ஒரு முறை, கீழே பார்க்க ஒரு முறை, கியர் இல்லாமல், மூன்றாம் பல்லில். சாரதி இருக்கையை விட்டு இறங்குவதில்லை, கால் பிறேக்குக்குப் பக்கத்திலேயே கால் இருக்கும். அண்ணனின் மகன் பக்கவாட்டில், சில்லு உருளும் பாதைக்கு வெளியே, கல்லோடு நிற்பான். ஐந்து நிமிடம் பார்ப்போம். கார் அசையாவிட்டால் கல்லைக் கட்டின் ஓரத்திலேயே வைத்துவிட்டு அவனும் ஏறிக்கொள்வான்.